பழைய கைபேசிக்குத் தண்டம்: தொழில்நுட்ப மாற்றத்தின் செலவை யார் ஏற்பது?

1. கேள்வி

2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் மிகப் பெரிய செல்பேசிச் சேவை நிறுவனமாக இருந்த சிங்குலர் வயர்லெஸ், தன் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் மாதந்தோறும் 4.99 டாலர் கூடுதலாக வசூலிக்கப்போவதாக அறிவித்தது. அவர்கள் கட்டணப் பாக்கி வைத்தவர்களோ ஒப்பந்தத்தை மீறியவர்களோ அல்லர். அனலாக் அல்லது டி.டி.எம்.ஏ. என்ற பழைய முறையில் இயங்கும் கைபேசிகளை இன்னும் பயன்படுத்தி வந்தார்கள் என்பதே அவர்களைப் பிரித்துக் காட்டிய ஒரே அடையாளம். அப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ 47 லட்சம் பேர். நிறுவனத்தின் மொத்த வாடிக்கையாளர்களில் சுமார் 8 சதவீதம். அவர்கள் ஜி.எஸ்.எம். கைபேசிக்கு மாறிவிட்டால் கட்டணம் கிடையாது. மாறாதவரை ஒவ்வொரு மாத பில்லிலும் அது சேரும்.

தொகை சிறியது என்பதால் இந்த நிகழ்வு விரைவில் மறக்கப்பட்டது. ஆனால் அது எழுப்பிய கேள்வி சிறியதல்ல. ஒரு நிறுவனம் தன் வணிகத் தேவைக்காகத் தொழில்நுட்பத்தை மாற்றுகிறது. அதுவே விற்ற, நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கருவி அதனால் பயனற்றதாகிறது. அந்த மாற்றத்தின் செலவை யார் ஏற்க வேண்டும்? இதுவரை இதற்கு மூன்று வகையான விடைகள் சொல்லப்பட்டுள்ளன. செலவை உண்டாக்குபவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நிறுவனங்களின் விடை. ஒப்பந்தம் செய்து சேவை வாங்கியவருக்கு இடையில் தண்டம் விதிப்பது நம்பிக்கை மோசடி என்பது நுகர்வோர் அமைப்புகளின் விடை. போட்டியுள்ள சந்தையில் பிடிக்காதவர் வேறு நிறுவனத்துக்குப் போகலாம், அரசு தலையிட வேண்டியதில்லை என்பது ஒழுங்குமுறை அமைப்புகள் நீண்டகாலம் பற்றியிருந்த விடை. செலவை உண்டாக்குபவர் ஏற்க வேண்டும் என்ற முதல் விடையின் அடிப்படை சரியானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆனால் அந்த அடிப்படையை நேர்மையாகப் பொருத்தினால், பில் பழைய கைபேசிக்காரருக்குப் போகாது. மாற்றத்தைத் தீர்மானித்து அதன் பலனை அடைந்தவருக்கே போகும்.

2. பின்னணி: ஒரே கோபுரத்தில் மூன்று வலைப்பின்னல்கள்

அமெரிக்காவில் வணிக முறையிலான செல்பேசிச் சேவை 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோவில் தொடங்கியது. அது அனலாக் முறை. ஒவ்வோர் அழைப்புக்கும் 30 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை தனியாக ஒதுக்கப்பட்டது. பேச்சு முடியும்வரை அந்த வரிசையை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. பெருநகரங்களில் வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடியதும் இந்த முறை திணறியது. 1990களில் வந்த டி.டி.எம்.ஏ. டிஜிட்டல் முறை அதே 30 கிலோஹெர்ட்ஸ் வரிசையை நேரத் துண்டுகளாகப் பிரித்து மூன்று அழைப்புகளைச் சுமந்தது. அப்போதைய ஏடி அண்ட் டி வயர்லெஸும், பின்னர் சிங்குலராக இணைந்த நிறுவனங்களில் பலவும் டி.டி.எம்.ஏ. வழியைத் தேர்ந்தெடுத்து, பல ஆண்டுகள் அந்தக் கைபேசிகளை லட்சக்கணக்கில் விற்றன.

ஐரோப்பாவில் உருவான ஜி.எஸ்.எம். உலகெங்கும் பரவியபோது நிலைமை மாறியது. ஏடி அண்ட் டி வயர்லெஸ் 2000ஆம் ஆண்டிலும் சிங்குலர் 2001ஆம் ஆண்டிலும் ஜி.எஸ்.எம். முறைக்கு மாறப்போவதாக அறிவித்தன. 2004 அக்டோபரில் சிங்குலர் ஏறத்தாழ 4,100 கோடி டாலர் கொடுத்து ஏடி அண்ட் டி வயர்லெஸ் நிறுவனத்தை வாங்கியது. இந்த இணைப்புக்குப் பிறகு அனலாக், டி.டி.எம்.ஏ., ஜி.எஸ்.எம். என மூன்று தலைமுறைகளை, பல இடங்களில் ஒரே கோபுரத்திலிருந்து இயக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. இதற்கிடையில், அனலாக் சேவையைக் கட்டாயம் வழங்க வேண்டும் என்ற பழைய விதியைத் தளர்த்திய கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2002ஆம் ஆண்டிலேயே ஐந்தாண்டு அவகாசம் கொடுத்திருந்தது. அந்த அவகாசம் முடியும் நாள் 2008 பிப்ரவரி 18. கூடுதல் கட்டணம் வந்தது அந்த நாளுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு. அதாவது, பழைய வலைப்பின்னலின் முடிவு நாள் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிந்த பிறகு.

3. நிறுவனத்தின் நியாயமும் அதன் வலுவும்

நிறுவனத் தரப்பு வாதத்தை அதன் முழு வலுவோடு பார்ப்பதே முறை. ஒரு வலைப்பின்னலை இயக்கும் செலவில் பெரும்பகுதி நிலையானது. பத்து லட்சம் பேர் பயன்படுத்தினாலும் ஆயிரம் பேர் பயன்படுத்தினாலும் கோபுரத்தில் ரேடியோக் கருவி மின்சாரம் தின்றுகொண்டிருக்கும், இணைப்பகம் ஓடிக்கொண்டிருக்கும், உதிரிபாகம் வாங்க வேண்டியிருக்கும், பழைய முறை தெரிந்த பொறியாளரைப் பணியில் வைத்திருக்க வேண்டியிருக்கும். பயன்படுத்துவோர் குறையக் குறைய ஒரு தலைக்கு விழும் செலவு ஏறும். அந்தச் சுமையை எல்லோருடைய கட்டணத்திலும் பரப்பினால், ஏற்கெனவே புதிய கைபேசிக்கு மாறியவர்கள் மாறாதவர்களுக்காகப் பணம் கட்டுவதாகும். இரண்டாவதாக, அலைக்கற்றை அளவானது. 850 மெகாஹெர்ட்ஸ் பட்டை தொலைவுக்குச் செல்லும், சுவரை ஊடுருவும், அதனால் மதிப்புமிக்கது. அதன் ஒரு பகுதியைச் சிறுபான்மையினருக்காகப் பூட்டி வைத்தால் பெரும்பான்மையினரின் சேவை பாதிக்கப்படும்.

இவற்றில் முதல் வாதத்தில் உண்மை இருக்கிறது. இரண்டாவதை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். அனலாக் முறை அலைக்கற்றையை வீணடித்தது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. டி.டி.எம்.ஏ. முறைக்கும் அதே குற்றச்சாட்டு பொருந்துமா? ஜி.எஸ்.எம். ஒரு 200 கிலோஹெர்ட்ஸ் வரிசையில் எட்டு அழைப்புகளைச் சுமக்கிறது; ஓர் அழைப்புக்கு 25 கிலோஹெர்ட்ஸ். டி.டி.எம்.ஏ. 30 கிலோஹெர்ட்ஸில் மூன்று அழைப்புகளைச் சுமந்தது; ஓர் அழைப்புக்கு 10 கிலோஹெர்ட்ஸ். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பழைய முறைதான் சிக்கனமானது. நடைமுறையில் கணக்கு இத்தோடு நிற்பதில்லை. அருகருகே உள்ள கோபுரங்களில் அதே அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்துவதில் ஜி.எஸ்.எம். முன்னே இருந்தது. பேச்சைச் சுருக்கி அனுப்பும் நுட்பங்களும் அதில் வளர்ந்தன. ஆனாலும், பேச்சுச் சேவையைப் பொறுத்தவரை டி.டி.எம்.ஏ. வாடிக்கையாளர் அலைக்கற்றையை அடைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிட முடியாது. ஜி.எஸ்.எம். தந்த உண்மையான ஆதாயம் வேறு இரண்டு. ஒன்று, உலகச் சந்தைக்கெனப் பெருமளவில் உற்பத்தியானதால் கருவிகளும் கைபேசிகளும் மலிவாகக் கிடைத்தன. மற்றொன்று, இணையத் தரவுச் சேவைக்கும் பின்னர் 3ஜி சேவைக்கும் அது நேரடிப் பாதை அமைத்துக் கொடுத்தது. இந்த இரண்டு ஆதாயங்களும் நிறுவனத்தின் வரவு செலவிலும் தரவுச் சேவை வாங்குவோரின் பயனிலும் சேர்பவை. பேசுவதற்கு மட்டும் கைபேசி வைத்திருந்தவருக்கு அவற்றில் பங்கு மிகக் குறைவு.

4. செலவு மீட்பா, நெருக்குதலா?

இந்தக் கட்டணத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. பழைய வலைப்பின்னலைப் பராமரிக்கும் செலவை ஈடுகட்டுவது ஒன்று. வாடிக்கையாளரைப் புதிய கைபேசிக்கு மாறத் தூண்டுவது மற்றொன்று. இவை ஒன்றையொன்று தாங்கும் காரணங்கள்போலத் தோன்றினாலும், உண்மையில் ஒன்றுக்கொன்று எதிரானவை. செலவு மீள வேண்டுமென்றால் வாடிக்கையாளர் பழைய கைபேசியிலேயே இருந்து கட்டணம் கட்ட வேண்டும். தூண்டுதல் வெற்றிபெற வேண்டுமென்றால் கட்டணம் கட்ட ஒருவரும் மிஞ்சக்கூடாது. ஒரு கட்டணத்தின் உண்மையான நோக்கம் எது என்பதை அதன் வடிவமே காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கட்டணத்தின் வடிவத்தை ஆராய்ந்தால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, மாதம் பத்து நிமிடம் பேசியவரும் ஆயிரம் நிமிடம் பேசியவரும் அதே 4.99 டாலர்தான் கட்ட வேண்டும். வலைப்பின்னலை எவ்வளவு பயன்படுத்தினார் என்பதற்கும் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. இரண்டாவது, பயன்படுத்துவோர் குறையக் குறையத் தலைக்கு விழும் செலவு ஏறும் என்பதுதான் நிறுவனத்தின் அடிப்படை வாதம். அப்படியானால் செலவு சார்ந்த கட்டணம் தொடக்கத்தில் குறைவாக இருந்து, ஆட்கள் விலக விலக ஏறியிருக்க வேண்டும். இங்கே 47 லட்சம் பேர் இருந்தபோதே ஒரே நிலையான தொகை வைக்கப்பட்டது. மூன்றாவது, அந்தத் தொகை எந்தச் செலவுக் கணக்கிலிருந்து வந்தது என்பது வாடிக்கையாளருக்குக் காட்டப்படவில்லை. 47 லட்சம் பேரும் ஒரு மாதம் கட்டினால் சேரும் தொகை ஏறத்தாழ 2.35 கோடி டாலர். முடிவு நாள்வரை மாறாமல் இருந்த ஒருவர் கட்ட வேண்டியிருந்தது சுமார் 85 டாலர். அந்தக் காலத்தில் ஒரு சாதாரணக் கைபேசியின் விலைக்கு இது குறைவல்ல. மாறினாலும் செலவு, மாறாவிட்டாலும் செலவு என்ற இடத்தில் வாடிக்கையாளர் நிறுத்தப்பட்டார்.

செலவைப் பிரித்துப் பார்த்தாலும் இதே முடிவுதான் வருகிறது. கோபுரம், நிலத்துக்கான வாடகை, காவல், மின்கலம், கோபுரத்தை இணைக்கும் கம்பி வழிகள், பில் போடும் மென்பொருள், வாடிக்கையாளர் சேவை மையம் ஆகிய அனைத்தும் மூன்று வலைப்பின்னல்களுக்கும் பொதுவானவை. பழைய முறையை நிறுத்தினால் இவற்றில் பெரும்பகுதி மிச்சமாகாது. பழைய முறைக்கே உரிய ரேடியோக் கருவிகளும் இணைப்பகங்களும் மட்டுமே உண்மையில் தவிர்க்கக்கூடிய செலவு. அவற்றிலும் முதலீட்டின் பெரும்பகுதி 1990களில் போடப்பட்டு, அதே வாடிக்கையாளர்கள் கட்டிய மாதக் கட்டணங்களால் மீட்கப்பட்டு வந்தது. ஆகவே, இந்தத் தொகையைச் செலவின் பங்கு என்று கொள்வதற்குப் போதிய ஆதாரமில்லை. வெளியேற்றும் கருவி என்று கொள்வதற்கே ஆதாரம் மிகுதி. வீட்டை இடித்துக் கட்டத் தீர்மானித்த உரிமையாளர், அதற்கான நாள் வரும்வரை காத்திருக்காமல், குடியிருப்பவருக்கு மட்டும் வாடகையை ஏற்றுவதோடு இதை ஒப்பிடலாம்.

5. பழைய கைபேசியை வைத்திருந்தவர்கள் யார்?

பழைய கருவியை விடாதவர் என்றதும் சோம்பலோ பிடிவாதமோ காரணம் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. அனலாக் முறைக்கு ஐந்தாண்டு அவகாசம் ஏன் தரப்பட்டது என்பதைப் பார்த்தால் இந்த எண்ணம் உடைகிறது. ஆணையம் கருத்தில் கொண்ட முக்கியமான பிரிவினர் செவித்திறன் குறைந்தவர்கள். டிஜிட்டல் கைபேசிகள், அதிலும் நேரத் துண்டுகளாக அலையை அனுப்புபவை, காதில் அணியும் செவித்துணைக் கருவியின் அருகே வரும்போது இடைவிடாத ரீங்கார ஒலியை எழுப்பின. ஜி.எஸ்.எம். கைபேசியில் இந்தத் துடிப்பு நொடிக்குச் சுமார் 217 முறை நிகழ்கிறது. மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்ளேயே அது விழுகிறது. அழைப்பு வருமுன் வானொலிப் பெட்டியில் கேட்கும் டர்டர் ஒலியும் இதனால் வருவதே. செவித்துணைக் கருவி அணிந்தவருக்கு அந்த ஒலி காதுக்குள்ளேயே ஒலித்தது. அனலாக் கைபேசியில் இந்தத் தொல்லை இல்லை. செவித்துணைக் கருவிகளோடு ஒத்துப்போகும் டிஜிட்டல் கைபேசிகளைத் தயாரிக்க வேண்டும் என்று ஆணையம் 2003ஆம் ஆண்டில் விதித்த பிறகே நிலைமை மெல்லச் சீரடையத் தொடங்கியது.

இரண்டாவது பிரிவினர் கிராமப்புறத்தார். காரில் பொருத்தப்பட்ட அல்லது பையில் வைத்துத் தூக்கிச் சென்ற பழைய அனலாக் பேசிகள் 3 வாட் ஆற்றலில் அலை அனுப்பின. கையடக்கப் பேசிகளின் ஆற்றல் 0.6 வாட் மட்டுமே. கோபுரங்கள் பல மைல் இடைவெளியில் நிற்கும் பண்ணை நிலத்திலும் மலைச்சாலையிலும் இந்த வேறுபாடு அழைப்பு கிடைப்பதா கிடைக்காததா என்பதையே தீர்மானிக்கும். மூன்றாவது பிரிவினர் அவசரத்துக்கு மட்டும் கைபேசி வைத்திருந்த முதியவர்களும், பழைய மலிவான கட்டணத் திட்டத்தில் இருந்தவர்களும். மாறுவதென்றால் புதிய கைபேசியோடு புதிய ஒப்பந்தமும் பெரும்பாலும் புதிய திட்டமும் சேர்ந்தே வந்தன. இப்படிப் பார்த்தால் மாறாதவர்களில் பலருக்கு மாறாமலிருப்பதற்கு நல்ல காரணம் இருந்தது. விலையை ஏற்றி மாறத் தூண்டும் உத்தி, மாறுவதற்கு வாய்ப்புள்ளவரிடம் மட்டுமே தூண்டுதலாக வேலை செய்யும். வாய்ப்பில்லாதவரிடம் அது வெறும் பறிப்பு.

6. மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகளை எழுப்பலாம். முதலாவது, எந்தத் தொழில்நுட்பமும் நிரந்தரமல்ல. பழையதைக் கடைசி மனிதர்வரை காப்பாற்ற வேண்டும் என்றால் முன்னேற்றமே நிகழாது. இந்த மறுப்பை ஏற்கலாம். ஆனால் அது கட்டணத்துக்கு ஆதரவான வாதமல்ல. வலைப்பின்னலை நிறுத்தும் உரிமையை இங்கே யாரும் மறுக்கவில்லை. முன்கூட்டி அறிவித்த ஒரு நாளில் நிறுத்துவது வேறு. நிறுத்தும்வரை அதைப் பயன்படுத்துபவரைத் தண்டிப்பது வேறு. முன்னேற்றத்துக்கு முதலாவது போதும்.

இரண்டாவது, கட்டணம் இல்லாவிட்டால் மாறியவர்கள் மாறாதவர்களின் செலவைச் சுமக்க நேரும் என்பது. மாற்றத்தின் ஆதாயம் நிறுவனத்துக்கும் மாறியவர்களுக்கும் போகிறது என்பதை இந்த மறுப்பு மறைத்துவிடுகிறது. விடுவிக்கப்படும் அலைக்கற்றை எதிர்காலத் தரவுச் சேவைக்குப் போகிறது; அதன் வருமானம் நிறுவனத்துக்கு, அதன் வேகம் புதிய வாடிக்கையாளருக்கு. ஆதாயம் எங்கே சேர்கிறதோ அங்கிருந்து செலவை எடுப்பதுதான் குறுக்கு மானியம் இல்லாத கணக்கு. மேலும், ஒரு நிறுவனம் எத்தனை வலைப்பின்னல்களை இயக்குகிறது என்பதை வாடிக்கையாளர் தீர்மானிப்பதில்லை. மூன்று வலைப்பின்னல்களைச் சுமக்க நேர்ந்ததற்கு உடனடிக் காரணங்கள் தொழில்நுட்பத் தேர்வும் நிறுவன இணைப்பும். 4,100 கோடி டாலர் கொடுத்து இன்னொரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் பழைய வாடிக்கையாளர்களையும் அவர்களுக்குரிய கடமைகளையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பது வாங்கியவருக்குத் தெரியாததல்ல.

மூன்றாவது, பிடிக்காதவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாமே என்பது. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2003 நவம்பரில் அமெரிக்காவில் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் டி.டி.எம்.ஏ. கைபேசியை வைத்துக்கொண்டே போகக்கூடிய பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. மற்றப் பெரிய நிறுவனங்கள் சி.டி.எம்.ஏ. போன்ற வேறு முறைகளைப் பயன்படுத்தின. எங்கே போனாலும் புதிய கைபேசி வாங்க வேண்டும். ஒப்பந்தக் காலம் மிச்சமிருந்தால் நூறு டாலருக்கு மேல் முறிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். போட்டி என்ற கதவு திறந்திருந்தது. அதைக் கடப்பதற்கும் அதே விலையைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

7. சட்டம் விட்ட இடைவெளி

இந்தக் கட்டணம் நியாயமானதா என்பதை எந்த மன்றமும் முழுமையாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதற்குச் சட்ட அமைப்பே காரணம். 1993ஆம் ஆண்டின் திருத்தம் செல்பேசிக் கட்டண அளவை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்துவிட்டது. கூட்டாட்சி ஆணையமோ சந்தைப் போட்டியை நம்பி அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் விலகி நின்றது. எஞ்சியது நீதிமன்றம். இணைப்புக்குப் பிறகு பழைய வலைப்பின்னலின் தரம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டது, மாறுவதற்குப் பணம் வசூலிக்கப்பட்டது என்று பழைய ஏடி அண்ட் டி வயர்லெஸ் வாடிக்கையாளர்கள் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். கோனெஃப் வழக்கு எனப்படும் அது, குற்றச்சாட்டு உண்மையா என்ற கேள்விக்கு வரும் முன்பே வேறொரு கேள்வியில் சிக்கியது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் கூட்டு வழக்கைத் தடுத்து, தனித்தனி நடுவர் விசாரணைக்குப் போகச் சொல்லும் விதி இருந்தது. அத்தகைய விதிகளை மாநிலச் சட்டத்தின் பேரால் செல்லாதாக்க முடியாது என்று 2011ஆம் ஆண்டு ஏடி அண்ட் டி மொபிலிட்டிக்கும் கான்செப்சியனுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றி, கோனெஃப் வழக்கில் வாடிக்கையாளருக்குச் சாதகமாக இருந்த கீழ் நீதிமன்ற முடிவை ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் மாற்றியது.

இதன் விளைவைச் சாதாரணக் கணக்கில் புரிந்துகொள்ளலாம். ஐந்து டாலருக்காகவோ எண்பத்தைந்து டாலருக்காகவோ எவரும் தனியாக வழக்கறிஞர் வைத்து வாதாட மாட்டார். பல லட்சம் பேரிடம் சிறு தொகையாக எடுக்கும்போது அதைக் கேள்வி கேட்கும் ஒரே நடைமுறை வழி கூட்டு வழக்கு. அந்த வழியும் அடைபட்டால், சிறு தொகை என்பதே அந்தக் கட்டணத்தின் பாதுகாப்புக் கவசமாகிவிடுகிறது. இக்கட்டணம் பெரிய எதிர்ப்பில்லாமல் கடந்துபோனதை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குச் சான்றாகக் கொள்வது பிழை.

8. வேறு வழி இருந்தது

அதே நாட்டில், அதே ஆண்டுகளில், இதே வகைச் சிக்கல் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது. தொலைக்காட்சி ஒளிபரப்பை அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றி, விடுபடும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஏலம் விட அமெரிக்க அரசு முடிவுசெய்தது. ஆன்டெனா வைத்துப் பழைய பெட்டியில் படம் பார்த்தவர்கள் இருளில் விடப்படவில்லை. அவர்களிடம் தண்டமும் கேட்கப்படவில்லை. மாற்றிப் பெட்டி வாங்குவதற்கு 40 டாலர் மதிப்புள்ள சீட்டு, வீட்டுக்கு இரண்டுவரை வழங்கப்பட்டது. அதற்காக 150 கோடி டாலர்வரை செலவிடச் சட்டமே இடம் தந்தது. 2008ஆம் ஆண்டில் நடந்த ஏலத்தில் சுமார் 1,900 கோடி டாலர் கிடைத்தது. மக்கள் தயாராகவில்லை என்று தெரிந்ததும், 2009 பிப்ரவரியில் முடிய வேண்டிய அனலாக் ஒளிபரப்பு ஜூன் 12வரை நீட்டிக்கப்பட்டது. மாற்றத்தால் ஆதாயம் பெற்றது அரசுக் கருவூலம். மாற்றச் செலவின் பெரும்பகுதியை ஏற்றதும் அதுவே. செல்பேசியிலும் பின்பற்றப்பட்டிருக்க வேண்டிய கோட்பாடு இதுதான்.

ஆஸ்திரேலியாவின் எடுத்துக்காட்டு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. டெல்ஸ்ட்ரா நிறுவனம் தன் சி.டி.எம்.ஏ. வலைப்பின்னலை 2008 ஜனவரியில் மூட முனைந்தது. புதிய வலைப்பின்னல் பழையதற்கு ஈடான பரப்பைத் தருகிறதா என்பதை உரிம நிபந்தனையின்படி பரிசோதித்த அரசு, இன்னும் இல்லை என்று கூறி அனுமதி மறுத்தது. குறைகள் சரிசெய்யப்பட்ட பிறகு அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்றுதான் மூட முடிந்தது. மாறிவிடு என்று கிராமத்தாரிடம் சொல்லும் முன், மாறுவதற்கு ஈடான ஒன்று இருக்கிறதா என்று நிறுவனத்தைக் கேட்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதை இது நிறுவியது.

அமெரிக்காவிலேயே பின்னாளில் நடந்ததும் இவ்வாதத்துக்கு வலு சேர்க்கிறது. சிங்குலரின் வாரிசான ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரி 22 அன்று தன் 3ஜி சேவையை நிறுத்தியபோது, பழைய கைபேசி வைத்திருந்த பலருக்கு மாற்றுக் கைபேசியை இலவசமாகவே அனுப்பியது. இலவசமாகக் கொடுத்து மாற்றுவது நிறுவனத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதல்ல என்பது இதனால் தெளிவாகிறது. அந்த முறையும் குறையற்றதல்ல. வீடுகளின் எச்சரிக்கைக் கருவிகளும் முதியோர் அணிந்திருந்த அவசர உதவிக் கருவிகளும் 3ஜி முறையை நம்பியிருந்தன. அவற்றை மாற்றப் போதிய காலம் வேண்டும் என்று அத்துறையினர் ஆணையத்திடம் முறையிட்டும் நாள் தள்ளிப்போகவில்லை. ஆனாலும் 2006இல் தண்டமாக இருந்தது 2022இல் ஈடாக மாறியது கொள்கை அளவில் பெரிய நகர்வு.

9. இந்தியச் சூழலில் இக்கேள்வி

இந்தியாவில் பழைய கைபேசிக்கென்று பெயர் சொல்லிக் கட்டணம் விதிக்கப்படவில்லை. ஆனால் பெயரில்லாமல் அதே விளைவு நிகழ்ந்தது. சில ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்களின் ரீசார்ஜ் திட்டங்களில் பேச்சும் குறுஞ்செய்தியும் இணையத் தரவும் ஒரே கட்டாகவே விற்கப்பட்டன. பொத்தான் அழுத்தும் சாதாரணக் கைபேசி வைத்திருப்பவரும் எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால், தான் தொடவே முடியாத தரவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஊரிலிருக்கும் தாயின் எண்ணுக்கு நகரத்திலிருந்து ரீசார்ஜ் செய்யும் பிள்ளைகள் இதை நன்கு அறிவார்கள். சிங்குலர் கட்டணமாவது பில்லில் தனி வரியாகத் தெரிந்தது. இங்கே அது கட்டுக்குள் மறைந்திருந்ததால் எவ்வளவு கட்டுகிறோம் என்பதே தெரியவில்லை.

இதைச் சரிசெய்ய இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித் திருத்தம் கொண்டுவந்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என்றது; சிறப்புத் திட்டங்களின் செல்லுபடிக் காலத்தை 90 நாளிலிருந்து 365 நாள்வரை நீட்டிக்கவும் இடம் கொடுத்தது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அத்திட்டங்களை வெளியிட்டன. 84 நாள் திட்டத்துக்கு ஏர்டெல் முதலில் 499 ரூபாயும் ஜியோ 458 ரூபாயும் அறிவித்தன. புதிய திட்டங்களை ஆராயப்போவதாக டிராய் கூறிய சில நாட்களில் அவை முறையே 469, 448 ரூபாயாக இறங்கின. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒழுங்குமுறை அமைப்பு பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே விலையை இறக்கப் போதுமானதாக இருந்தது என்பது ஒன்று. தனித் திட்டம் வைக்க ஆணையிடுவது மட்டும் போதாது, அந்தத் திட்டத்தின் விலை எந்தக் கணக்கில் அமைந்தது என்றும் கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. நாளை 2ஜி சேவையை முற்றிலும் நிறுத்தும் பேச்சு முடிவுக்கு வரும்போது இந்தப் பாடங்கள் இன்னும் அவசரமானவையாகும்.

10. முடிவுரை

செலவை உண்டாக்குபவரே ஏற்க வேண்டும் என்ற நியதியிலிருந்து இக்கட்டுரை தொடங்கியது. சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்தால், பழைய கைபேசிக்காரர் எந்தப் புதிய செலவையும் உண்டாக்கவில்லை. தனக்கு விற்கப்பட்டதை விற்கப்பட்ட விதத்திலேயே பயன்படுத்தி வந்தார். தொழில்நுட்பத் தேர்வும் நிறுவன இணைப்பும் அலைக்கற்றையை விடுவிக்கும் திட்டமும் நிறுவனத்தின் முடிவுகள். அவற்றின் பலனும் அதற்கே. எனவே 2006ஆம் ஆண்டின் கூடுதல் கட்டணத்தைச் செலவுப் பங்கீடு என்று ஏற்க முடியாது. மாற்றத்தின் சுமையை எதிர்த்துக் கேட்க வழியற்றவர்மீது இறக்கிய தண்டம் அது.

இனிவரும் தொழில்நுட்ப மாற்றங்களுக்கு நான்கு நிபந்தனைகளை உரிமத்திலேயே எழுதிவிட வேண்டும். முடிவு நாளைப் போதிய காலம் முன்பே அறிவிக்க வேண்டும். புதிய வலைப்பின்னல் பழையதற்கு ஈடான பரப்பையும், செவித்திறன் குறைந்தோர் உள்ளிட்ட அனைவருக்கும் ஈடான பயனையும் தருகிறது என்பதை அரசு சோதித்து உறுதிசெய்ய வேண்டும். புதிய ஒப்பந்தம் ஏதுமின்றி அடிப்படை மாற்றுக் கைபேசியை நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறும்வரை பழைய கருவியின் பேரால் நேரடியாகவோ மறைவாகவோ ஒரு ரூபாயும் கூடுதலாக வசூலிக்கக் கூடாது. அலைக்கற்றை பொதுச் சொத்து. நிறுவனங்கள் அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்துகின்றன. பொதுச் சொத்திலிருந்து வரும் புதிய ஆதாயத்துக்கான விலையை மிகக் குறைவாகப் பயன்படுத்தியவரிடம் கேட்பதை எந்த ஒழுங்குமுறை அமைப்பும் அனுமதிக்கலாகாது.